டிஷ்ஷுக்குள் தேங்கிய தண்ணீர்

மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. செயற்கைக்கோள் இணைப்பு, எங்கள் பேச்சில் லிங்க், மட்டும் வரவில்லை. 2014 ஜூன் மாதம், நிக்கோபாரின் கமோர்ட்டாத் தீவில் ஒரு வங்கிக் கிளையின் பின்புறம் நின்றுகொண்டிருந்தேன். மோடத்தில் ரிசீவ் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டிஷ்ஷில் குவியும் சிக்னலை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கும் எல்என்பியை மாற்றினேன். கேபிள் முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டேன். மோடத்தையும் மாற்றிப் பார்த்தேன். முன்வாசலில் ஓய்வூதியப் பணம் எடுக்க வந்தவர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த படகு வருவதற்குள் திரும்ப வேண்டியவர்கள் அவர்களில் பாதிப்பேர்.

எனக்கு உதவியாக வந்திருந்தவர் கச்சால் தீவுக்காரர். இலங்கை மலையகத்திலிருந்து எழுபதுகளில் அங்கே ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஏணி போட்டு ஏறி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உள்ளுக்குத் தண்ணி நிக்குது. எலையெல்லாம் ஊறிக் கெடக்கு."

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் செயற்கைக்கோள் ஏறக்குறையத் தலைக்கு மேலே வந்துவிடும். 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கும் நம் செயற்கைக்கோளை கமோர்ட்டாவிலிருந்து பிடிக்க டிஷ்ஷை 74, 75 பாகை நிமிர்த்த வேண்டும். சென்னையிலும் கிட்டத்தட்ட இதே கோணம்தான். ஆனால் சென்னையில் நாங்கள் போடுவது பெரும்பாலும் ஆஃப்செட் டிஷ், அதாவது சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருப்பது. அதன் முகம் அவ்வளவு மல்லாந்திருக்காது, தண்ணீர் வழிந்துவிடும். இங்கே வைத்திருந்தது 1.8 மீட்டர், ஒரே துண்டு ஃபைபர், நடுவில் கொம்பு தூக்கிய பழைய வகை. வானத்தைப் பார்த்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. நான்கு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், அதன்மேல் தென்னம்பூவும் இலையும். சிக்னல் குவிய வேண்டிய பரப்பில் ஒரு பங்கு குளமாகிவிட்டது.

அண்ணன் வாளியில் மொண்டு ஊற்றினார். துணியால் துடைத்தார். அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் விளக்கு நிலையாக எரிய ஆரம்பித்தது. அன்றைக்கே டிஷ்ஷின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டோம். அதற்குப் பிறகு நான் நிறுவிய ஒவ்வொரு டிஷ்ஷிலும் முதல் வேலை அந்தத் துளைதான்.

2013 முதல் 2019 வரை ஆறு வருடம் அந்தமான் நிக்கோபாரில் வி-சாட் வேலை, அதாவது சிறிய டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் வழியாக இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தேன். வங்கிக் கிளைகள், சாலைப் பணி முகாம்கள், ஒன்றிரண்டு சுகாதார நிலையங்கள். ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று சொல்வது இந்த நிக்கோபாரைத்தான். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். போர்ட்பிளேர், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் எல்லாவற்றையும் தொட்டுப் போகிறது. அதற்கு முன்னால் இந்தத் தீவுகளின் போன், ஏடிஎம், இணையம் எல்லாம் வானத்தை நம்பியே ஓடின. இன்றைக்கும் கேபிள் எட்டாத இடங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலை உச்சிக் காற்றாலை, காட்டுக்குள் அணைக்கட்டு வேலை, பாலைவனத்தில் துளையிடும் முகாம், ஆழ்கடல் கப்பல் என்று எத்தனையோ. நான் பட்டது அவர்களுக்கு உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செயற்கைக்கோள் இணையத்தை வேகம் குறைந்த பிராட்பேண்ட் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது வேறு சாதி. வேகம் குறைந்தால் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். தாமதத்தைக் காசால் குறைக்க முடியாது.

தரையிலிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் நிலைத்த சுற்றுப்பாதை பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கிறது. நீங்கள் அனுப்புவது அங்கே ஏறி, பெங்களூர்ப் பக்கம் இருக்கும் ஹப்புக்கு, அதாவது எல்லாத் தளங்களையும் வெளியுலகத்தோடு சேர்க்கும் தரை நிலையத்துக்கு, இறங்க வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கால் விநாடி. பதில் அதே வழியில் திரும்ப இன்னொரு கால் விநாடி. நடுவில் மோடமும் ஹப்பும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் நான் அளந்த இடங்களில் 600 முதல் 700 மில்லி விநாடி. நம் ஊர் ஃபைபரில் இதே போக்குவரத்து 20, 30 மில்லி விநாடியில் முடிந்துவிடும்.

அரை விநாடிதானே என்று தோன்றும். அந்த வங்கிக் கிளையில் ஒரு கணக்கைத் திறக்க 26 விநாடி ஆனது. மேலாளர் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேலிடத்துக்கு எழுதி எழுதி, 256 கேபிபிஎஸ் இணைப்பை 1 எம்பிபிஎஸ் ஆக்கிக் கொடுத்தார்கள். மாத வாடகை பல மடங்கு ஏறியது. நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 24 விநாடி. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று இரவு லிங்க்கில் போய்வரும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்து எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு கணக்கைத் திறக்க அந்த மென்பொருள் சர்வரோடு 40 முறை பேசுகிறது. ஒன்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். நாற்பது முறை முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு என்று கணக்குப் போட்டால் விடை வந்துவிடுகிறது. குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் தூரம் குறையாது.

படங்களையும் மாறாத பக்கங்களையும் கிளையிலேயே ஒரு சின்னக் கணினியில் வைத்து, படிவத்தை மொத்தமாக ஒரே தடவையில் அனுப்பும்படி மாற்றச் சொல்லி எழுதினோம். தலைமையகத்தில் ஒருவர் அக்கறை எடுத்துச் செய்து கொடுத்தார். 40 முறை என்பது 9 ஆனது. கணக்கு 7 விநாடிக்குள் திறந்தது. கூடுதல் வாடகை எதுவும் தேவைப்படவில்லை. தொலைதூரத் தளத்துக்கு எந்த மென்பொருளை வாங்கினாலும் அதை முதலில் உங்கள் அலுவலகத்திலேயே 700 மில்லி விநாடி தாமதத்தைச் செயற்கையாக வைத்து ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் தெரிந்த பையன் யாரிடம் சொன்னாலும் அரை மணி நேரத்தில் செய்து கொடுப்பான். தளத்துக்குப் போன பிறகு தெரிந்துகொள்வதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல், தகவலைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டி அனுப்பும் விபிஎன். பெரிய ஃபைல் இறங்கும்போது இந்தப் பக்கம் 'கிடைத்தது' என்று சொன்னால்தான் அந்தப் பக்கம் அடுத்த பகுதியை அனுப்பும். ஒரு பதிலுக்கு 64 கேபி என்ற பழைய கணக்கில் ஓடும் கணினி, 650 மில்லி விநாடித் தாமதத்தில் நொடிக்கு 100 கேபிக்கு மேல், அதாவது 0.8 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல், வாங்கவே வாங்காது. நீங்கள் 4 எம்பிபிஎஸ் வாங்கி வைத்திருந்தாலும் அவ்வளவுதான். இதைச் சமாளிக்க வி-சாட் மோடமே 'கிடைத்தது' என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஏற்பாடு உண்டு. ஆனால் கணினியிலேயே விபிஎன் போட்டுவிட்டால் மோடத்துக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. அந்த ஏற்பாடு செத்துவிடும். 'விபிஎன் போட்டால் மட்டும் ஸ்லோவாக இருக்கிறது' என்று எத்தனை தளத்தில் கேட்டிருக்கிறேன்! ஹப்பிலிருந்து தலைமையகம் வரைக்கும் மட்டும் விபிஎன் போட்டு, வானத்துப் பகுதிக்கு வி-சாட் நிறுவனத்தின் சொந்தக் குறியாக்கத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

குரலுக்கு வருவோம். கமோர்ட்டாத் துறையில் நின்றால் எதிர்க்கரை நான்கவுரி கண்ணுக்குத் தெரியும். கூவினால் கேட்காது, அவ்வளவுதான் தூரம். இரண்டு கரையிலும் எங்கள் வி-சாட் இருந்தது. இங்கிருந்து அங்கே பேசினால் குரல் வானத்துக்குப் போய், பெங்களூரில் இறங்கி, மறுபடி வானத்துக்குப் போய், எதிர்க்கரையில் இறங்கும். ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி. இருவரும் ஒரே நேரத்தில் 'சொல்லுங்க' என்போம். இருவரும் நிறுத்துவோம். மறுபடி இருவரும் ஆரம்பிப்போம். கடைசியில் வயர்லெஸ்காரர்கள் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும், அதைக் கேட்காமல் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். வேலை நடந்தது.

மழை. தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. பெய்கிறது, சென்னையைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் டிசம்பர் வரை வானம் முழுதாக வெளுப்பது அபூர்வம். செயற்கைக்கோள் அலைவரிசைகளில் எங்களுக்குப் பழக்கமானவை கேயு-பேண்ட், சி-பேண்ட் என்ற இரண்டு. கேயு-பேண்டில் டிஷ் சின்னது, விலை குறைவு, இரண்டு பேர் தூக்கிப் படகில் வைத்துவிடலாம். ஆனால் அதன் அலைநீளம் இரண்டு, இரண்டரை செ.மீ.தான். கொட்டும் மழை அதை விழுங்கிவிடும். சி-பேண்ட் மழையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. டிஷ் பெரியது, அதைக் கப்பலில் ஏற்றி, துறையில் இறக்கி, டிராக்டரில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் உயிர் போய் உயிர் வரும். நான் அடித்துச் சொல்வேன், பருவமழை நாட்டில் பணம், உயிர், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தளம் என்றால் சி-பேண்டுக்குப் படும் பாடு வீண் போகாது.

மழை உங்கள் தளத்தில்தான் பெய்ய வேண்டும் என்றும் இல்லை. ஒரு நாள் மாலை கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் ஒரு மேகம் கூட இல்லை, லிங்க் படுத்துவிட்டது. எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் சோதித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ஹப் இருக்கும் இடத்தில் பேய்மழை. அன்றிலிருந்து லிங்க் போனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஹப்பைக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். வெளியூர் ஆள் யாரும் இல்லாத தளங்களில் இதைச் சுவரிலேயே எழுதி ஒட்டினேன். பதற்றத்தில் கழற்றி மாட்டியே நல்ல கனெக்டர்களைக் கெடுத்தவர்கள் அதிகம்.

சூரியனும் உண்டு. மார்ச் மத்தியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், நண்பகலை ஒட்டி, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். டிஷ் சூரியனின் இரைச்சலைக் கேட்கும், செயற்கைக்கோளைக் கேட்காது. நாளுக்குச் சில நிமிடம்தான். ஹப்காரர்கள் தேதியும் நேரமும் முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். வாங்கி நாட்காட்டியில் குறித்துவிட்டால் போதும்.

இதையெல்லாம் விட அதிகமாக என்னை ஓடவைத்தவை வானத்தில் இல்லை, தரையில் இருந்தன. உப்புக் காற்றில் சாதாரண போல்ட் ஒரு வருடம் தாங்காது. 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போட்டு, மேலே கிரீஸ் தடவ வேண்டும். கனெக்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். ஒட்டியபின் தானே ஒன்றாக இறுகிவிடும் ரப்பர் டேப்பைச் சுற்ற வேண்டும், கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். டிஷ்ஷில் குவியும் சிக்னல் நுழையும் ஃபீட் வாயில் உள்ள மூடி கிழிந்தால் ஒரே வாரத்தில் குளவி உள்ளே மண்கூடு கட்டும். தென்னை மரத்தடியில் டிஷ் நிறுத்தாதீர்கள், காய் விழுந்து நெளிந்த டிஷ்ஷை நான் பார்த்திருக்கிறேன். நிக்கோபாரியர்களின் பன்றிகள் ஊருக்குள் சுதந்திரமாகத் திரியும். ஒரு தளத்தில் மணல் மூட்டை வைத்து நிறுத்தியிருந்த தாங்கியில் பன்றி முதுகு சொறிந்து, டிஷ் அரை பாகை திரும்பிவிட்டது. அரை பாகை போதும், ஹப் நம்மைக் காணோம் என்று சொல்லிவிடும். அதன் பிறகு எல்லா டிஷ்ஷையும் சுற்றி மூங்கில் வேலி.

மின்சாரம் டீசல் ஜெனரேட்டர்தான். மாற்றும் நேரத்தில் மின்னழுத்தம் குதிக்கும். முதல் வருடத்தில் என் தளங்களில் போன பொருள்களில் பெரும்பாலானவை மோடத்தின் பவர் அடாப்டர்கள். இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சுகாதார நிலையத்தில் அடாப்டர் எரிந்தது. விலை சில நூறு ரூபாய். மாற்று போர்ட்பிளேரில் இருந்தது. கடல் கொந்தளிப்பு, கப்பல் கிளம்பவில்லை. ஹெலிகாப்டரில் நோயாளிகளுக்கே இடம் போதவில்லை. பதினோரு நாள் அந்த நிலையம் வெளியுலகத்தோடு பேசவில்லை. பதினோரு நாளும் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு கர்ப்பிணிக்கு அங்கே வலி எடுத்தால் யாரைக் கேட்பார்கள் என்பதே நினைப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்திலும் ஒரு தகரப் பெட்டி வைத்தோம். அதில் இரண்டு அடாப்டர், ஒரு எல்என்பி, தளத்துக்கான அமைப்புகளை முன்பே ஏற்றிய ஒரு மோடம், பத்துக் கனெக்டர், ரப்பர் டேப், துளை அடைத்தால் குத்த ஒரு கம்பி. பெட்டி மூடியின் உட்புறத்தில் தமிழிலும் இந்தியிலும் எந்த விளக்கு அணைந்தால் எதை மாற்றுவது என்று படத்தோடு ஒட்டினேன். ஒப்பந்தத்தில் 'நான்கு மணி நேரத்தில் சரிசெய்யப்படும்' என்று எழுதியிருப்பார்கள். அது பெங்களூரில் எழுதியது. உங்கள் நான்கு மணி நேரம் கப்பல் கிளம்பும் நாளிலிருந்துதான் தொடங்கும். எவ்வளவு நாள் கப்பல் வராமல் போகலாம் என்று பார்த்து, அதற்கேற்ற உதிரிபாகம் வையுங்கள்.

கேம்பல் பே பக்கத்தில் ஒரு சாலைப் பணி முகாம், எழுபது பேர். எல்லோருக்கும் சேர்த்து 512 கேபிபிஎஸ். 2016 வாக்கில் ஒரு நாள் காலை, தினசரி அறிக்கை போகவில்லை. பார்த்தால் கணக்காளரின் புது லேப்டாப் இரவெல்லாம் விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது. 3 ஜிபி. அந்த வேகத்தில் வேறு யாரும் தொடாவிட்டாலே 13 மணி நேரம் ஆகும். அவருக்கு அது நடப்பதே தெரியாது. கூடவே பதினோரு போன்கள் படங்களைத் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி இடத்தில் யாரையும் திட்டிப் பிரயோசனம் இல்லை. எல்லாக் கணினியிலும் இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளந்து செலவழிக்க வேண்டியது, என்று குறித்துவிட வேண்டும். அப்டேட் சர்வர்களை ரவுட்டரில் அடைக்க வேண்டும். அலுவலகத்துக்கும் ஆட்களுக்கும் தனித்தனி வைஃபை, ஆளுக்கு நாள் அளவு. அப்டேட்டுகள் போர்ட்பிளேரிலிருந்து பென் டிரைவில் கப்பலில் வரும்.

கப்பலைக் குறைவாக நினைக்காதீர்கள். அளவைக்காரர்கள் எடுத்த படங்களும் வரைபடங்களும் சேர்ந்து ஒரு டிபி ஆனபோது, அதை எப்படி அனுப்புவது என்று கூட்டம் போட்டார்கள். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் மூன்று நாளில் கப்பலில் போர்ட்பிளேர் போய்ச் சேர்கிறது என்றால் அது விடாமல் ஓடும் 30 எம்பிபிஎஸ் இணைப்புக்குச் சமம். எங்களிடம் இருந்தது அதில் அறுபதில் ஒரு பங்கு. இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வெவ்வேறு பயணங்களில் அனுப்பினோம்.

ஆனால் அளவு வைக்கும்போது ஆட்களின் பங்கில் கை வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த முகாமில் இரவு 8 முதல் 10 வரை அலுவலக வேலை எல்லாவற்றையும் நிறுத்தி, முழு இணைப்பையும் குடும்பத்தோடு பேசுகிறவர்களுக்குத் திறந்துவிட்டோம். டோக்கன் முறை, ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இல்லை. இராமநாதபுரத்துக்காரர் ஒருவருக்கு ஊரில் குழந்தை பிறந்திருந்தது. வீடியோவில் பார்க்க ஆசைப்பட்டார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. வீடியோவை அணைக்கச் சொல்லி, ஊரிலிருந்து ஒரு படத்தை மட்டும் சிறிதாக்கி அனுப்பச் சொன்னோம். படம் வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே குரலில் மட்டும் பேசினார். குழந்தை அழுத சத்தம் ஒரு விநாடி கழித்து வந்தது. அவர் 'ம்... ம்...' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்றவர்கள் டோக்கன் நேரம் முடிந்தும் அவரை எழுப்பவில்லை.

அதே வழிதான் ஒரு ராத்திரி சுகாதார நிலையத்திலும் கைகொடுத்தது. நடுத்தர வயது ஆள், நெஞ்சுவலி. மருத்துவர் ஈசிஜி எடுத்து, போனில் படம் பிடித்து, போர்ட்பிளேர் மருத்துவமனைக்கு அனுப்பப் பார்த்தார். படம் 3.4 எம்பி. மேலே போகும் வேகம் 64 கேபிபிஎஸ், அதுவும் மழையில். ஒன்றும் இடறாமல் போனாலே ஏழு நிமிடம். தொண்ணூறு சதவீதம் வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவையும் அப்படியே. நான் அடுத்த அறையில் தங்கியிருந்தேன், கூப்பிட்டார்கள். மேசையும் விரலும் தெரியும் ஓரங்களை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, தாளின் கோடுகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குச் சுருக்கினேன். 150 கேபி. அரை நிமிடத்துக்குள் போய்விட்டது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அவரை விடிந்ததும் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள், பிழைத்தார். மறுநாளே அந்தப் போனில் படத்தைத் தானே சுருக்கும் செயலியைப் போட்டு, மருத்துவருக்கும் செவிலியருக்கும் மூன்று முறை செய்து பார்க்கவைத்தேன். அவசரத்துக்கு முன்னால் பழக்கிவிட வேண்டிய வேலை அது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள மென்பொருளைத் தவிர வேறெதையும் தொலைதூரத் தளத்தில் பெரிய ஃபைலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மாற்று வழி பற்றி. எல்லோரும் இரண்டு இணைப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். கமோர்ட்டாவில் எங்கள் வி-சாட் போனால் செல்போனில் ஹப்பைக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தோம். அந்தச் செல்போன் கோபுரமும் வானத்துக்குத்தான் ஏறிப் போகிறது என்பது ஒரு புயல் மழையில் இரண்டும் ஒன்றாகப் போனபோது உறைத்தது. செயற்கைக்கோளே பழுதாகிவிடுவதும் உண்டு. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு வந்து, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதானது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் டிவி இருண்டது பலருக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபர் 19 அன்று இன்டெல்சாட் 33இ என்ற செயற்கைக்கோள் வானத்திலேயே துண்டு துண்டாக உடைந்தது. மாற்று என்று வைத்தால் வேறு செயற்கைக்கோள், வேறு பேண்ட், முடிந்தால் வேறு ஹப். அடுத்த கட்டத்துக்குச் செயற்கைக்கோள் இல்லாமலே தொலைதூரம் பேசும் ஒரு எச்எஃப் வயர்லெஸ் பெட்டி, அதுவும் முடியாவிட்டால் அனுமதி வாங்கிய சாட்டிலைட் போன். அனுமதி என்று அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டில் வாங்கிய துரயா, இரிடியம் போனை இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், கைதானவர்கள் இருக்கிறார்கள்.

இணைப்பு இல்லாமலே தளம் ஓட வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஜெர்மனியில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 அன்று கேஏ-சாட் செயற்கைக்கோள் வலையமைப்பின் மீது நடந்த இணையத் தாக்குதலில் ஆயிரக்கணக்கான மோடங்கள் செயலிழந்தன. ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் ஏறக்குறைய 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து பார்க்க முடியாமல் போனது. காற்றாலைகள் நிற்கவில்லை. தங்களுக்குள்ளே இருந்த கட்டுப்பாட்டிலேயே சுழன்றுகொண்டிருந்தன. எங்கள் முகாமிலும் அப்படித்தான் மாற்றி அமைத்தோம். வருகைப் பதிவு, கிடங்குக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் முகாமில் இருந்த ஒரு கணினியில் ஓடும். இணைப்பு இருக்கும்போது இரவு 2 மணிக்கு அது தலைமையகத்தோடு சேர்த்துக்கொள்ளும். பகலில் லிங்க் போனால் பலருக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது எல்லோரும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டால் இதெல்லாம் பழங்கதை என்கிறார்கள். அதன் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தாமதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. மாலத்தீவில் ஒரு கட்டுமானத் தளத்தில் அதை வைத்து வேலை செய்தேன், நாற்பது முறை பேசும் மென்பொருளும் அதில் சிரமமில்லாமல் ஓடியது. உண்மையிலேயே பெரிய மாற்றம். இந்தியாவில் 2025 ஜூனில் அதற்கு உரிமம் கொடுத்தார்கள். ஆனால் அங்கேயும் சில விஷயங்களைப் பார்த்தேன். என் பழைய டிஷ்ஷுக்கு மரங்களுக்கு நடுவே வானத்தில் ஒரு துவாரம் போதும், ஏனென்றால் செயற்கைக்கோள் அசையாது. இதற்கு அகன்ற வானம் வேண்டும், செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பதால். ஒரு தென்னை குறுக்கே நின்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு விநாடி அறுந்து ஒட்டும். இணையப் பக்கத்தில் தெரியாது, பேசிக்கொண்டிருந்தால் தெரியும். நிக்கோபார்க் காட்டுக்குள் இதை நிறுத்துவதென்றால் உயரமான கம்பமோ மரம் வெட்டுவதோ இல்லாமல் முடியாது. மின்சாரம் 75 முதல் 100 வாட் வரை விடாமல் கேட்கிறது, சூரியத் தகட்டில் ஓடும் தளத்துக்கு அது சின்னச் சுமை இல்லை. சாதாரணத் திட்டங்களில் தனியான பொது இணைய முகவரி கிடைக்காததால் வெளியிலிருந்து உங்கள் கேமராவைப் பார்க்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். 2025 ஜூலை 24 அன்று உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் அது நின்றது. மழையால் இல்லை, உள் மென்பொருள் கோளாறு. ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள் இருந்தும் நடுவில் இருப்பது ஒரே மூளை.

நான் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன், தீவுப் பக்கம் போய் வருடங்கள் ஆகின்றன. போர்ட்பிளேருக்கே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. கமோர்ட்டாக் கிளை இப்போது கேபிளில் ஓடுகிறது. பழைய டிஷ்ஷை மட்டும் கழற்றவில்லை, கேபிள் அறுந்தால் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் அதைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு கச்சால் அண்ணனின் மகனிடம். ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறி டிஷ்ஷின் அடியை ஒரு படம் எடுத்து, சிறிதாக்கி, எனக்கு அனுப்புவான். கூடவே ஒரே வரி: "ஓட்டை திறந்திருக்கு சித்தப்பா, தண்ணி நிக்கல."